இத்தனை குஞ்சு செத்தும் கொக்குக் கூட்டம் குறையவில்லையே, எப்படி?

முற்றத்துக்குருவி:

திருப்பத்தூரிலிருந்து எழுதுகிறேன். சிவகங்கைத் திருப்பத்தூர், வாணியம்பாடிப் பக்கத்துத் திருப்பத்தூர் இல்லை.

பொங்கல் விடுமுறையில் ஒன்பதாவது படிக்கும் மகளை வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிப்போனேன். தீபாவளிக்கு வெடி போடாத ஊர் என்று வருசா வருசம் பேப்பரில் வருமே, அந்தக் கொள்ளுக்குடிப்பட்டிதான். மதுரை ரோட்டில் எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கிறோம், இறங்கிப் பார்த்ததில்லை. கண்மாய்க்குள் நிற்கிற கருவேல மரமெல்லாம் வெள்ளை வெளேரென்று பறவை. நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், பாம்புத்தாரா என்று ஒவ்வொன்றாகக் காவலர் காட்டினார். மகள் பைனாகுலரைக் கண்ணை விட்டு எடுக்கவே இல்லை.

கரையை ஒட்டி ஒரு மரத்தில் கொக்குக் கூடு. மூன்று குஞ்சு, மூன்றும் மூன்று அளவு. தாய் மீனைக் கொண்டுவந்து கக்கும்போதெல்லாம் பெரியது பிடுங்கிக்கொள்கிறது. தின்று முடித்துவிட்டுத் திரும்பிச் சின்னதின் மண்டையில் நங்கு நங்கென்று கொத்துகிறது. தாய் பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்க்கிறது. மரத்தடித் தண்ணீரில் செத்த குஞ்சுகள் மிதந்தன. என் மகள் அழுதுவிட்டாள்.

பஸ்ஸில் வரும்போது அவள் கேட்டாள்: "சாகத்தான் போகுதுன்னா மூணாவது முட்டை எதுக்கும்மா?" எனக்குப் பதில் தெரியவில்லை. அப்புறம் யோசித்தால் எனக்கே வேறு கேள்வி வந்தது. 1977-இலிருந்து அது சரணாலயமாம். அதற்கு முன்னும் பறவைகள் வந்துகொண்டுதான் இருந்திருக்கும். வருசா வருசம் பொரித்ததெல்லாம் பிழைத்திருந்தால் இந்நேரம் காரைக்குடி வரைக்கும் மரத்துக்கு மரம் கொக்காக இருக்க வேண்டும். இப்படிச் செத்துக்கொண்டே இருந்தால் எப்போதோ இல்லாமல் போயிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. யார் இந்த வரவு செலவைப் பார்க்கிறார்கள்?

வீட்டில் சொன்னால் மாமனார் தன் பங்குக்கு ஒன்று போடுகிறார். நாச்சியாபுரம் பக்கம் எங்கள் கொல்லையில் முன்பெல்லாம் மயிலைப் பார்ப்பதே அதிசயம், இப்போது கோழி மாதிரித் திரிகிறது. "மயிலுக்கு மட்டும் குஞ்சு சாகாதோ?" என்கிறார். தெரிந்தவர்கள் புரியும்படி சொல்லுங்கள், மகளுக்கும் வாசித்துக் காட்ட வேண்டும்.


வெற்றிலைப்பெட்டி:

இயற்கைக்குத் தெரியும் தங்கச்சி. ஒவ்வொரு பிராணியும் தன் இனத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் பெறும், அதிகமாகிப் போனால் தானாகவே நிறுத்திக்கொள்ளும். அளவு தெரியாமல் போவது மனுசன் மட்டும்தான்.


தேவகோட்டை வாத்தியார்:

வெற்றிலைப்பெட்டி தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. மேல்நிலை வகுப்புக்கு விலங்கியல் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். பரீட்சைத் தாளில் அதிகமாகச் சிவப்பு மை போட்டது இந்த வரிக்குத்தான்: "விலங்குகள் தங்கள் இனத்தின் நலனுக்காக அளவாக இனப்பெருக்கம் செய்கின்றன." எந்தக் கொக்கும் வேட்டங்குடியில் மொத்தம் எத்தனை கொக்கு என்று பார்த்து முட்டையிடுவதில்லை. தன்னால் எத்தனை குஞ்சை ஆளாக்க முடியுமோ அத்தனையும் ஆளாக்கத்தான் ஒவ்வொன்றும் பார்க்கிறது. கட்டுப்பாடு வெளியிலிருந்து வருகிறது. மீன், கூடு கட்ட மரக்கிளை, காகம், நோய், மழை.

அம்மா, உங்கள் மகளுக்கு முதலில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒரு கொக்கு ஜோடி ஐந்து பருவம் கூடு கட்டுகிறது, தடவைக்கு மூன்று முட்டை என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஆயுளில் பதினைந்து முட்டை. எண்ணிக்கை கூடாமல் குறையாமல் இருக்க அந்தப் பதினைந்தில் எத்தனை வளர்ந்து கூடு கட்டும் வயதுக்கு வர வேண்டும்? இரண்டு. தாய்க்கு ஒன்று, தகப்பனுக்கு ஒன்று. மீதிப் பதின்மூன்றும் முட்டையிலோ கூட்டிலோ பறக்கப் பழகும்போதோ போய்த்தான் ஆக வேண்டும்.

இரண்டுக்குப் பதிலாக மூன்று பிழைத்தால் என்ன ஆகும்? தலைமுறைக்கு ஒன்றரை மடங்கு. பத்தாவது தலைமுறையில் ஐம்பத்தேழு மடங்குக்கு மேல். ஒன்றுதான் பிழைக்கிறது என்றால் தலைமுறைக்குப் பாதி. பத்தாவது தலைமுறையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ஒரு குஞ்சு கூடுவதற்கும் குறைவதற்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருக்கிறது. டார்வின் இந்தக் கணக்கை யானையை வைத்தே போட்டார். இருக்கிற விலங்குகளில் மெதுவாகப் பெருகுவது அதுதானே என்று எடுத்துக்கொண்டார். முப்பது வயதில் ஈன ஆரம்பித்துத் தொண்ணூறுக்குள் ஆறே குட்டி, நூறு வயது ஆயுள் என்று வைத்தாலும், ஒரு ஜோடியிலிருந்து 740, 750 வருசத்தில் ஒரு கோடியே தொண்ணூறு லட்சத்துக்குக் கிட்டத்தட்ட யானைகள் வந்துவிடும் என்றார். அப்படி வரவில்லை என்பதுதான் பாடம். பெறுகிற வேகம் எல்லா உயிருக்கும் தேவைக்கு மேலேயே இருக்கிறது. அந்தக் கூடுதல் இருப்பதால்தான் ஒரு புயலோ வறட்சியோ வந்து பாதியை அள்ளிக்கொண்டு போனாலும் கூட்டம் சில வருசத்தில் மீண்டு வருகிறது.

இனி மூன்றாவது முட்டை. கொக்கு எல்லா முட்டையையும் ஒரே நாளில் இடுவதில்லை, இடைவெளி விட்டு இடும். கோழி முட்டையெல்லாம் இட்டு முடித்த பிறகுதான் அடை உட்காரும். கொக்கு அப்படி இல்லை, முதல் முட்டையிலிருந்தே உட்கார்ந்துவிடும். அதனால் மூத்தது முன்னால் பொரிந்து, இளையது வரும்போது நன்றாகத் தேறி நிற்கும். நீங்கள் பார்த்த மூன்று அளவுக்கும் காரணம் இதுதான். இந்த வருசம் கண்மாயில் மீன் எப்படி இருக்கும் என்று முட்டையிடும்போது தாய்க்குத் தெரியாது. விசேஷ வீட்டில் வருகிறவர் தொகை தெரியாதபோது ஒரு படி அரிசி கூடுதலாகக் களைந்து வைப்பார்கள் இல்லையா, அந்த மாதிரி ஏற்பாடுதான் மூன்றாவது முட்டை. மீன் நிறையக் கிடைத்தால் மூன்றும் பறக்கும். குறைந்தால் சின்னது சீக்கிரம் போய்விடும், மற்ற இரண்டும் தேறும். மூன்றும் ஒரே அளவாக இருந்து மீனைச் சமமாகப் பங்கு போட்டால், பஞ்ச வருசத்தில் மூன்றுமே நோஞ்சானாகிச் சாகும். தாய் விலக்கிவிடாமல் நிற்பது நமக்குக் கல்நெஞ்சாகத் தெரிகிறது. கொக்குச் சாதியில் தாய் தகப்பன் அந்தச் சண்டையில் தலையிடுவது அநேகமாகக் கிடையாது.

இதையே எங்கள் தெருவிலும் பார்க்கலாம். பூட்டிக் கிடக்கிற பெரிய வீடு ஒன்றின் மேல்மாடியில் கூகை குடியிருக்கிறது. அபசகுனம் என்று சுண்ணாம்புக்காரரை விட்டு விரட்டப் பார்த்தார்கள். அது கக்கிப் போடும் உருண்டையை எடுத்து வந்து பிள்ளைகளிடம் கொடுத்துப் பிரிக்கச் சொல்வேன். உள்ளே எலி மண்டையோடும் தாடை எலும்பும் தவிர வேறொன்றும் அதிகம் இருக்காது. அதுவும் முதல் முட்டையிலேயே அடை உட்காரும் ஜாதி. எலி பெருத்த வருசம் குஞ்சுகள் வரிசையாகத் தேறும். எலி இல்லாத வருசம் கடைக்குட்டிகள் மிஞ்சாது. எலிக்கு மருந்து வைக்கிறவர்கள் கூகையின் முட்டைக் கணக்கிலும் கை வைக்கிறார்கள், அவர்களுக்கு அது தெரியாது.

தம்பி சொன்ன "தானாகவே நிறுத்திக்கொள்ளும்" என்பதில் ஓரளவு உண்மை உண்டு, காரணம்தான் வேறு. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பக்கத்தில் வைத்தம் காடு என்று ஒன்று. 1947-இலிருந்து அங்கே பெட்டி வைத்து ஒரு பட்டாணிக்குருவி இனத்தின் முட்டைகளை எண்ணி வருகிறார்கள். ஜோடிகள் நெருக்கமாக இருக்கும் வருசத்தில் கூட்டுக்கு முட்டை குறைகிறது. ஸ்காட்லாந்தில் ரம் என்ற தீவில் 1970-களில் ஒரு பகுதியில் மான் சுடுவதை நிறுத்தினார்கள். பெண் மான்கள் பெருகின. பெருகப் பெருக முதல் குட்டி போடும் வயது தள்ளிப்போனது, குளிர்காலத்தில் சாகிற குட்டிகள் அதிகமாயின. யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை. தலைக்கு வரும் தீனி குறைகிறது, உடம்பில் வலு இல்லை, சினை பிடிக்கவில்லை. கூட்டம் மெலிந்தால் மிஞ்சியதற்குத் தீனி தாராளம், குட்டிகள் பிழைக்கும், திரும்ப ஏறும். உங்கள் கேள்விக்கு உரிய கணக்குப்பிள்ளை இந்த நெருக்கடிதான்.

நம் ஊர்க் கண்மாயில் இதற்கெல்லாம் மேலே மழை இருக்கிறது. 2016-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. மரத்தடியில் தண்ணீர் நிற்கவில்லை என்றால் நீர்ப்பறவை கூடு கட்ட விரும்பாது. தண்ணீர்தான் அதற்கு வேலி, நாயும் கீரியும் ஏறாமல் இருப்பது அதனால்தான். அந்த மாதிரி வருசத்தில் பறவைகள் வேறு நீர்நிலை பார்த்துப் போய்விடும், அல்லது பொரிக்காமலே ஒரு பருவத்தைக் கழித்துவிடும். பல வருசம் உயிரோடு இருக்கும் பறவைக்கு ஒரு வருசம் தவறினால் குடி முழுகிவிடாது. ஆகவே "இந்த வருசம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவை குறைந்தது" என்று செய்தி வந்தால் உடனே செத்துப்போனதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நிலையாக இருக்கிறது என்று நாம் சொல்வதே ஏறி இறங்கி ஓரளவுக்குள் நிற்பதைத்தான்.


கடலைக்கொல்லை:

வாத்தியார் ஐயா கொக்கைச் சொல்லிவிட்டார், மயிலை விட்டுவிட்டார். நான் குன்றக்குடிப் பக்கம். மலையில் முருகனுக்கு வாகனம், கீழே எனக்கு வில்லங்கம். கடலை போட்டு முளை எட்டிப் பார்க்கும் சமயம் காலையில் போனால் சால் சாலாகக் கிளறி விதையைத் தின்றிருக்கிறது. பழைய சேலையெல்லாம் சுற்றிக் கட்டியாகிவிட்டது, வீட்டுக்காரி உடுத்துகிற சேலைக்கே இப்போது பயப்படுகிறாள். இரண்டு நாள் மிரளும், மூன்றாம் நாள் சேலைக்கு அடியில் குனிந்து வரும்.

முன்னைவிட இப்போது மயில் அதிகமாக முட்டையிடுகிறது என்கிறார்கள் எங்கள் ஊரில். உரம் போட்ட தீனி தின்பதால் என்று ஒரு பேச்சு. உண்மையா? என் வரப்போரத்தில் ஆவாரம் புதருக்குள் பெட்டை ஒன்று அடை கிடந்தது. ஐந்து முட்டை. நான் கை வைக்கவில்லை, சட்டம் தெரியும். ஆனால் ஒரு நாள் போய்ப் பார்த்தால் ஓடுதான் கிடந்தது. கீரியா நாயா தெரியவில்லை. அப்படியிருந்தும் கூட்டம் குறையவில்லை.


தேவகோட்டை வாத்தியார்:

கடலைக்கொல்லை தம்பி, நீங்கள் பார்த்த ஐந்து முட்டை மயிலுக்கு வழக்கமான அளவுதான். நாலிலிருந்து ஆறு வரை இடும், 28 நாள் அடை. கூடு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, தரையில் ஒரு குழி. முட்டை கூடியதாக நான் எங்கும் படிக்கவில்லை. மாறியிருப்பது எத்தனை தப்பிக்கிறது என்பது. பதினைந்தில் இரண்டுக்குப் பதிலாக மூன்று தப்பித்தால் என்ன ஆகும் என்று மேலே போட்டேனே, அதுதான் உங்கள் கொல்லையில் நடக்கிறது.

நம் அப்பா காலத்தில் மாலையானால் நரி ஊளை கேட்கும் என்பார்கள். தரையில் கிடக்கும் முட்டைக்கும் பறக்கத் தெரியாத குஞ்சுக்கும் நரி பெரிய எமன். இன்றைக்கு நம் பக்கத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் நரியைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்? சீமைக்கருவேல் அடர்ந்து மறைவு கிடைத்தது, மோட்டார் பாசனத்தில் கோடையிலும் பச்சையும் தண்ணீரும் கிடைத்தது, வேட்டை குறைந்தது. நரி ஒன்றை மட்டும் காரணமாகச் சொல்ல மாட்டேன், எல்லாம் சேர்ந்துதான். 2023-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கையிலும் நாடு முழுக்கப் பெருகும் பறவைகளில் மயில் இருக்கிறது. முன்பு அதிகம் காணாத கேரளப் பகுதிகளுக்கும் போயிருக்கிறது. ஆக, மாமனாருக்குப் பதில்: மயிலுக்கும் குஞ்சு சாகும், முன்னைவிடக் கொஞ்சம் குறைவாகச் சாகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று. ஆண் மயிலைப் பார்த்துத்தான் எல்லோரும் எண்ணிக்கை சொல்கிறார்கள். குஞ்சு வளர்ப்பில் ஆணுக்கு வேலையே இல்லை. ஒரு சேவல் பல பெட்டையோடு சேரும். பெட்டை தனியாக அடைகாத்துத் தனியாக வளர்க்கும். அடுத்த வருசம் எத்தனை மயில் என்பதைப் பெட்டைகள்தான் தீர்மானிக்கின்றன. விஷம் வைக்கிறவர்கள் நம் பக்கமும் உண்டு என்று கேள்விப்படுகிறேன். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணை ஒன்றில் உள்ள பறவை, கொன்றால் ஜெயில். அது போக, அந்த விஷத்தைக் கீரியும் காட்டுப்பூனையும் தின்று செத்தால் முட்டை தின்ன மிச்சமிருக்கும் ஆளும் போய்விடும், அப்புறம் மயில் இன்னும் பெருகும்.


கண்மாய்க்காரன்:

பறவைக்காரர்களே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தக் கொக்கு தின்கிற மீன் எப்படிப் பெருகுகிறது என்று யாராவது கேட்டீர்களா? சிங்கம்புணரிப் பக்கம் எங்கள் ஊர். மீன்பாசிக் குத்தகையில் பங்கு எடுத்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கண்மாயில் இரண்டு விதமான மீன் கிடக்கிறது. கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் நாம் வாங்கி விடுகிற குஞ்சு. எத்தனை வருசம் கிடந்தாலும் கண்மாயில் அது பொரிக்காது. ஆற்று மீன் அது, புதுவெள்ளம் ஓட வேண்டும். 1957-இல் ஒடிசாவில் ஹீராலால் சௌதுரி என்பவர் ஊசி போட்டு அந்த மீன்களைச் சினை விட வைத்தார். அதிலிருந்துதான் பண்ணைகளில் குஞ்சு கிடைக்கிறது. ஒவ்வொன்றும் லட்சக்கணக்கில் முட்டை விடும் மீன், ஆனால் எங்கள் கண்மாயில் அதன் வம்சம் ஒன்றுகூட இல்லை. குத்தகைக்காரன் ஒரு வருசம் குஞ்சு விடவில்லை என்றால் அடுத்த வருசம் கட்லா கிடையாது.

நாட்டு மீன் அப்படி இல்லை. விராலை எடுத்துக்கொள்ளுங்கள். புல்லை விலக்கி வட்டமாக இடம் செய்து முட்டை விடும், மேலாக மிதக்கும். முட்டையையும் குஞ்சையும் விட்டு அகலாது. குஞ்சுகள் செக்கச் செவேலென்று ஒரு பந்தாகத் திரண்டு மேலே வந்து போகும், அடியில் பெரியது நிற்கும். விவரம் தெரிந்தவன் அந்தக் குஞ்சுப் பந்துக்கு நடுவில் தூண்டிலைப் போடுவான். பசிக்குக் கடிக்காது, குஞ்சைத் தொட வருகிறானே என்ற கோபத்தில் பாய்ந்து கடிக்கும். ஒரு விரால் கையில் வரும். சாயங்காலத்துக்குள் அந்த ஆயிரக்கணக்கான குஞ்சு கெளுத்திக்கும் நீர்க்காகத்துக்கும் இரை. எங்கள் ஐயா காலத்தில் குஞ்சுக்கு மேல் நிற்கிற விராலைப் பிடித்தால் ஊரில் ஏசுவார்கள். இப்போது அதை வீடியோ எடுத்துப் போடுகிறார்கள்.

முதல் மழைக்கு வரத்துக்காலில் தண்ணீர் வந்ததும் கெண்டையும் கெளுத்தியும் சினையோடு எதிர்த்து ஏறும். கலுங்கிலும் கால்வாயிலும் வலையைக் குறுக்கே கட்டி அள்ளுகிறார்கள். வயிறு முட்ட முட்டையோடு இருக்கிற மீன், குழம்புக்கு ருசிதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மாசியில் பொரித்து முடித்த பிறகு ஊர் கூடி ஊத்தாக் கூடையும் கச்சா வலையுமாக இறங்குகிற மீன்பிடித் திருவிழாவால் மீன் அழிந்ததில்லை. அந்த நேரம் பிடிப்பது பெரும்பாலும் கண்மாய் வற்றினால் எப்படியும் சாகப்போகிற மீன். பள்ளத்துச் சேற்றில் புதைந்து கிடக்கிற விரால் சில மிஞ்சும், அதுதான் அடுத்த மழைக்கு வித்து. இப்போது மோட்டார் வைத்து அந்தப் பள்ளத்தையும் இறைத்துவிடுகிறார்கள்.


முற்றத்துக்குருவி:

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் ஐயாவின் பதினைந்து முட்டைக் கணக்கை மகள் நோட்டில் போட்டுப் பார்த்தாள், ஐம்பத்தேழு சரியாக வந்தது. பிழைப்பது இரண்டேகாலாக இருந்தால் என்ன ஆகும் என்று இப்போது என்னைக் கேட்கிறாள். எனக்கு அடுப்பில் வேலை இருக்கிறது.

இன்னும் இரண்டு சந்தேகம். கீழே விழுந்து உயிரோடு கிடக்கிற குஞ்சை எடுத்து வந்து வளர்க்கலாமா? அப்புறம், என் பிறந்த ஊரில் கோயில் ஆலமரத்தில் பழந்தின்னி வௌவால் தொங்கும். இளைப்புக்கு மருந்து என்று சிலர் இரவில் வந்து அடித்துக்கொண்டு போகிறார்கள். "நூறு கணக்கில் இருக்கு, நாலு போனா என்ன" என்கிறார்கள். கொக்குக் குஞ்சு பதின்மூன்று போனால் பரவாயில்லை என்றால் வௌவாலும் அப்படித்தானே?


தேவகோட்டை வாத்தியார்:

கடைசிக் கேள்விதான் அம்மா முக்கியம். அப்படித்தானே என்றால், இல்லை.

பழந்தின்னி வௌவால் வருசத்துக்கு ஒரே குட்டி போடும். பிறந்த குட்டியைத் தாய் மார்பில் ஒட்ட வைத்துக்கொண்டே பறக்கும். முட்டையை அள்ளித் தெளித்து மிஞ்சியதைப் பார்த்துக்கொள்ளும் வழி அதனுடையது இல்லை. கொஞ்சமாகப் பெற்று நெடுநாள் வாழ்ந்து ஈடு கட்டும் வழி. அங்கே கூட்டத்தைத் தாங்குவது குட்டிகளைவிட வளர்ந்த பெண் வௌவால்தான். குட்டியோடு இருக்கும் தாயை அடித்தால் இரண்டு உயிர், அதற்கு மேல் அவள் இனிப் போடப்போகும் வருசக் குட்டிகள் அத்தனையும் போச்சு. இளைப்பு அதனால் தீரும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. இலுப்பைப் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பதும் பழத்தைக் கொண்டுபோய்த் தூரத்தில் போடுவதும் அந்த வௌவால்கள்தான் என்று ஊரில் எடுத்துச் சொல்லிப் பாருங்கள்.

இந்த வழியில் போகிற உயிருக்கு என்ன ஆகும் என்பதற்குப் பாறுக் கழுகு இருக்கிறது. வருசத்துக்கு ஒரு முட்டை, வளர்ந்து ஜோடி சேரவே ஐந்து வருசம் போல ஆகும். மாட்டுக்கு வலி மருந்தாகப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டின் வழியாகக் கழுகுக்குள் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 1990-களில் தொடங்கி நாடு முழுக்க நூற்றில் தொண்ணூறுக்கு மேல் காலி. ஆராய்ந்தவர்கள் போட்ட கணக்கு இது: நூறு மாட்டுப் பிணத்தில் ஒன்றுக்கும் குறைவானதில் அந்த மருந்து இருந்தாலே அவ்வளவு வேகமாக அழிந்துபோகும். கொக்கு மாதிரி மூன்று முட்டை இருந்திருந்தால் கொஞ்சமாவது தாக்குப்பிடித்திருக்கும். மாட்டுக்கு அந்த மருந்தை 2006-இல் தடை செய்தார்கள். தமிழ்நாட்டில் இன்று பாறு கூடு வைப்பது மாயாற்றுப் பள்ளத்தாக்கில். தடை வந்ததும் ஏன் திரும்பிப் பெருகவில்லை என்று கேட்கிறார்கள். வருசத்துக்கு ஒரு முட்டையை வைத்துக்கொண்டு எப்படிப் பெருகும்? யானைக்கும் இதே நிலைமைதான்: 22 மாதம் சினை, அடுத்த குட்டிக்கு நாலைந்து வருசம். ரயிலில் அடிபட்ட ஒரு பெண் யானைக்குக் காடு சீக்கிரம் ஈடு கொடுக்காது.

அதனால் எத்தனை போனால் தாங்கும் என்ற கேள்விக்கு எல்லா உயிருக்கும் சேர்த்து ஒரு பதில் கிடையாது. எது போகிறது, முட்டையா குஞ்சா ஈனும் தாயா என்று பார்க்க வேண்டும். கண்மாய்க்காரர் சொன்ன விராலும் அதேதான். ஆயிரக்கணக்கில் முட்டை விட்டாலும் காவல் நிற்கிறதைப் பிடித்தால் அத்தனையும் வீண். நல்ல உதாரணம் சொன்னார், வகுப்பு எடுத்த காலத்தில் எனக்கு இது தெரிந்திருந்தால் ஒரு கேள்வியே போட்டிருப்பேன்.

விழுந்த குஞ்சை வீட்டுக்கு எடுத்து வர வேண்டாம். சட்டப்படியும் கூடாது, நாம் கொடுக்கும் தீனியில் அது பிழைப்பதும் அரிது. காவலரிடம் சொல்லுங்கள். ஓரளவு வளர்ந்ததாக இருந்தால் அலகையும் காலையும் வைத்துக் கிளையில் தானே தொற்றி ஏறப் பார்க்கும்.

மகளுக்கு ஆர்வம் இருக்கிறது என்பதால் ஒரு வேலை கொடுக்கிறேன். பறவையை எண்ண வேண்டாம், பறந்துகொண்டே இருக்கும், குழப்பம்தான் மிஞ்சும். கரையிலிருந்து தெளிவாகத் தெரிகிற நாலைந்து கூட்டைப் பொறுக்கிக்கொள்ளட்டும். மரத்தின் படம் வரைந்து கூட்டுக்கு எண் போட்டுவிட வேண்டும். போகும்போதெல்லாம் காலை ஒரே நேரத்தில் நின்று, எந்தக் கூட்டில் எத்தனை குஞ்சு, பெரியது சிறியது எப்படி, கண்மாயில் தண்ணீர் எந்தப் படி வரை நிற்கிறது, இது மட்டும். பறக்கிற வயதுக்கு வந்தது கூட்டுக்கு எத்தனை என்று பருவக் கடைசியில் பார்க்கட்டும். அடுத்த வருசம் மழை வேறு மாதிரி இருக்கும், அதையும் எழுதினால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மரத்துக்குக் கிட்டே போகக் கூடாது. ஆள் நெருங்கினால் தாய் எழும்பும், அந்த நேரத்துக்காகக் காகம் காத்திருக்கும்.


கடலைக்கொல்லை:

அந்தப் பிள்ளைக்கு மயில் எண்ண வேண்டுமென்றால் என் கொல்லைக்கு அனுப்புங்கள் ஆச்சி. பெட்டை எத்தனை, பின்னால் ஓடும் குஞ்சு எத்தனை என்று காலை ஆறு மணிக்கே பார்த்துவிடலாம், பைனாகுலர்கூட வேண்டாம். அடுத்த பட்டத்துக்கு நான் கடலையை விட்டு எள்ளு போடலாமா என்று யோசிக்கிறேன். எள்ளை மயில் தின்னுமா, யாருக்காவது தெரியுமா?


கண்மாய்க்காரன்:

முளையைக் கிள்ளும் அண்ணே. எங்கள் சித்தப்பா போட்டுப் பார்த்தார். கடலை அளவுக்கு மோசமில்லை.